திரும்பி வர ஒரு வழி

என் அம்மாவுக்கு 74 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். தனியாக என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாடியில் ஒரு குடித்தனம், எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண், காலையில் பால்காரர் என்று அவருக்குத் தெருவே துணை. தினமும் இரவு எட்டரை மணிக்கு எனக்கு போன் செய்வார். "சாப்பிட்டியா?" முதல் கேள்வி. "என்ன சாப்பிட்டே?" இரண்டாவது கேள்வி. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் இருக்காது.

போன வைகாசியில் அந்த எட்டரை மணி போன் நின்றுபோனது. நான் ரொம்பப் பொறுப்பான பிள்ளை என்பதால் நாலாவது நாள்தான் கவனித்தேன். நான் கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுக்க மாட்டார். சில சமயம் எடுத்த மாதிரி இருக்கும், உடனே கட் ஆகிவிடும். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து பேசுவார். "கோயிலுக்குப் போயிருந்தேன்டா." "கண் அசந்துட்டேன்." "சார்ஜ் இல்லை." தினம் ஒரு காரணம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்கிற பொய்கள். 11-ஆவது நாள் பஸ் ஏறிவிட்டேன்.

போன் தலையணைக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. முதலில் காபி போட்டுக் கொடுத்தார். பிறகுதான் சொன்னார்:

"கை மறந்துபோச்சுடா. பச்சை எங்கே இருக்கும்னு விரலுக்கே தெரியும். இப்ப தெரியலை. எடுக்கப் போனா கட் ஆயிடுது. பெரியம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

பெரியம்மாவுக்கு மறதி நோய். காஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்பதில் ஆரம்பித்து, பெற்ற பிள்ளையையே "நீங்க யாரு?" என்று கேட்பதில் முடிந்தது. நாலு வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அம்மா. தனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதை எங்களிடமிருந்து மறைக்கத்தான் அந்த 11 நாட்களும் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

"ராத்திரி படுத்துக்கிட்டு 16-ஆம் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். சரியாத்தான் வந்துச்சு. அப்படியும் பயம் போகலை."

போனை வாங்கிப் பார்த்தேன். முகமே மாறியிருந்தது. மேலே இருந்தது கீழே. கீழே இருந்தது எங்கேயும் இல்லை. முன்பு பச்சை வட்டத்தை மேல்நோக்கி இழுத்தால் பேசலாம். இப்போது பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தபோது, கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி, அம்மாவின் போன் திரையில் 'புதிய பதிப்பு தயார், ஏற்றலாமா?' என்று ஒரு கேள்வி. நல்லதுதானே என்று 'சரி'யை அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலை பஸ்ஸில் சென்னை.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"மாறினது நீ இல்லைம்மா, போன்" என்றேன். அம்மா என்னை நம்பாத மாதிரி பார்த்தார். "காசு கொடுத்து வாங்கின பொருள் தானா மாறுமா?"

இந்த வாரம் முழுக்க உங்களோடு யோசிக்க விரும்புவது இந்தக் கேள்வியைத்தான்.

* * *

பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று போனோடு சென்னை வந்தேன். அம்மாவுக்குத் தற்காலிகமாக ஒரு பட்டன் போன். ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு கடை உண்டு. அங்கே இருக்கும் பையன் எந்த போனையும் இரண்டு நிமிடத்தில் அக்கக்காகக் கழற்றுவான். இதைக் கையில் வாங்கி, மாடலைப் பார்த்து, தலையை ஆட்டினான்.

"மேலே ஏத்தலாம் சார். கீழே இறக்க முடியாது. ஃப்ளாஷ் பண்ணிப் பார்க்கலாம், ஆனா உள்ளே இருக்கிற எல்லாம் அழிஞ்சிடும். அதுக்கப்புறம் போர்டு செத்துடுச்சுன்னா நான் பொறுப்பில்லை."

ஏன் இறக்க முடியாது? விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபோனில் எந்தப் பதிப்பை ஏற்றுவதானாலும் அந்த நேரத்தில் ஆப்பிளின் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு கையெழுத்துப் போட வேண்டும். புதிய பதிப்பு வந்து சில நாட்களில், அல்லது சில வாரங்களில், பழையதற்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். பழைய பதிப்பு உங்கள் கையில் பத்திரமாக இருந்தாலும் போன் அதை ஏற்காது. ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து வேறொரு ஏற்பாடு: அதைப் பயன்படுத்தும் போனுக்குள் அழிக்க முடியாத இடத்தில் ஒரு எண் எழுதப்படும். அதற்குக் கீழே உள்ள எதையும் போன் உள்ளே விடாது. அதே 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி இன்னும் ஒரு படி மேல். முக்கியமான புதுப்பிப்புகளின்போது சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய ஃப்யூஸ் ஒன்றை அதுவே எரித்துவிடும். எரிந்த ஃப்யூஸ் திரும்ப முளைக்காது.

ஆற்றைக் கடந்ததும் படகைக் கொளுத்துவார்கள் என்று போர்க் கதைகளில் படித்திருக்கிறோம். இங்கே படகு நம்முடையது, கொளுத்துவது அவர்கள்.

* * *

நான் படித்தது பி.காம். வணிகச் சட்டத்தில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ் செய்தேன் என்றாலும் ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம், 14-ஆம் பிரிவு. பொருளை விற்றவன், சொல்லாமலே ஒரு உறுதி கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்: வாங்கியவன் அதைத் தொந்தரவு இல்லாமல் வைத்து அனுபவிக்கலாம். நம் ஊர் கிரயப் பத்திரங்களில் 'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்று வருமே, கிட்டத்தட்ட அதேதான். வீட்டை விற்றவர் ஆறு மாதம் கழித்து ராத்திரியில் வந்து சமையலறையை வாசல் பக்கம் மாற்றிவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா?

வக்கீல் நண்பர் சிரித்தார். "அந்தப் பிரிவு, பொருளுக்கு வேறொருவன் உரிமை கொண்டாடி வந்தால் உதவும். தவிர, நீ வாங்கினது போனை மட்டும்தான். உள்ளே இருக்கும் மென்பொருளை நீ வாங்கலை. பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கே. நீ படிக்காம 'சம்மதம்'னு அழுத்தினியே, அதுல இருக்கு."

அதாவது, செங்கல் நம்முடையது, வீடு அவர்களுடையது.

ஆனால் எல்லா ஊரிலும் இந்தப் பேச்சு செல்லுபடியாகவில்லை. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. புதிய மாடல்களை மனதில் வைத்துச் செய்த பதிப்புகளைப் பழைய போன்காரர்களை விடாமல் வற்புறுத்தி ஏற்ற வைத்தார்கள். ஐபோன் 6-ம் கேலக்ஸி நோட் 4-ம் படுத்துவிட்டன. ஆணையம் குறிப்பிட்ட குறைகளில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: போனைப் பழையபடி ஆக்கிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வழி எதுவும் தரவில்லை என்பது. திரும்பி வர வழி விடாததும் ஒரு குற்றம் என்று ஒரு அரசாங்க அமைப்பு எழுத்தில் வைத்திருக்கிறது.

வழி விட முடியாது என்பதும் உண்மையில்லை. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்து பலருக்குப் பிடிக்காமல் போனபோது, அதன் உயர்ரகப் பதிப்புகளை வாங்கியவர்கள் பழைய எக்ஸ்பி-க்கே போய்க்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் அனுமதித்தது. 2014 செப்டம்பரில் ஆப்பிள் ஒரு சின்னத் திருத்தம் வெளியிட்டது. அதை ஏற்றிய ஐபோன் 6-களில் சிக்னலே போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அதை வாபஸ் வாங்கி, 'பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஆப்பிளே வழி சொன்னது. தனக்கு வேண்டியபோது கதவு திறக்கிறது, பாருங்கள். 2025 ஆகஸ்டில் கூகுளின் போன் செயலி திடீரென்று முகம் மாறி, நம்மில் பலர் அழைப்பை எடுக்கத் தடுமாறினோம். அங்கேயும் புதுப்பிப்பை நீக்கிவிட்டுப் பழையதற்குப் போக ஒரு சந்து இருந்தது. அது தெரிந்தவர்கள் போனார்கள். தெரியாதவர்கள் பழகிக்கொண்டார்கள்.

* * *

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள், நாம் அப்பாவிகள், வணக்கம். ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும் இல்லையா? கேட்டேன். வலுவாகத்தான் இருக்கிறது.

பழைய பதிப்பில் ஓட்டைகள் இருக்கும். புதியது வந்ததும், எங்கே ஓட்டை இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். இப்போது உங்கள் போனை ஒருவன் திருடுகிறான். பூட்டு உடைக்க வரவில்லை. என்ன செய்வான்? ஓட்டை இருந்த பழைய பதிப்பைப் போனில் ஏற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைவான். அவனைத் தடுக்கத்தான் அந்த அழிக்க முடியாத எண், எரிந்த ஃப்யூஸ் எல்லாம். 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்ட் 13 வந்தபோது, பிக்ஸல் 6 வரிசை போன்களில் அதை ஏற்றினால் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுள் சொன்னதற்கும் இதுதான் காரணம்: பழையதில் இருந்த ஒரு ஓட்டை. நான் அம்மாவுக்காகத் தேடிக்கொண்டிருந்த பின்கதவு, திருடனுக்கு வேண்டிய அதே பின்கதவு.

இன்னொன்று. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. பலர் ஏற்றவில்லை. அந்த வைரஸ் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. நான் என் வீட்டைப் பூட்டாமல் விட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆபத்து என்றால், 'என் வீடு, என் இஷ்டம்' என்று நான் பேசலாமா?

பேச முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

* * *

ஜான் ஸ்டூவர்ட் மில் என்று ஒரு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர். பொருளாதாரப் பாடத்தில் தலைகாட்டிவிட்டுப் போவார். 1859-இல் 'ஆன் லிபர்ட்டி' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் சாரத்தை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம்: ஒருவர் அடுத்தவருக்குக் கெடுதல் செய்யப் போகிறார் என்றால் தடுக்கலாம். ஆனால் 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லி, வயது வந்த ஒரு மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய வைக்கக் கூடாது. புத்தி சொல்லலாம், கெஞ்சலாம், வாதாடலாம். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

ஒரு உதாரணமும் தருகிறார். இடிந்து விழப்போகும் பாலத்தில் ஒருவர் கால் வைக்கப் போகிறார். சொல்ல நேரமில்லை. பிடித்து இழுத்துவிடலாம், தப்பில்லை. ஏனென்றால் ஆற்றில் விழுவது அவர் விருப்பமில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்ல நேரம் இருந்தால் சொல்லுங்கள். முடிவு அவருடையது.

இதை வைத்துப் பார்த்தால் போன் புதுப்பிப்பில் இரண்டு சமாசாரம் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருப்பது புரிகிறது. ஒன்று, பூட்டு ரிப்பேர். இன்னொன்று, சமையலறையை இடம் மாற்றுவது. பூட்டு ரிப்பேர் மில்லின் பாலம். அடுத்த வீட்டுக்கும் நல்லது. சமையலறையை எதற்கு மாற்ற வேண்டும்? எந்தத் திருடன் அம்மாவின் பச்சை வட்டத்தைத் தேடி வந்தான்?

பிரித்துக் கொடுக்க முடியாதா என்றால், முடியும். 2015-லிருந்து ஆண்ட்ராய்டில் பூட்டு ரிப்பேர்கள் மாதாமாதம் தனியாக வருகின்றன. 2021-இல் ஐபோனின் 15-ஆம் பதிப்பு வந்தபோது, 'விருப்பமில்லாதவர்கள் 14-லேயே இருக்கலாம், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருகிறோம்' என்று ஆப்பிள் சொன்னது. சில மாதங்களில், 2022 ஜனவரியில், 'அது தற்காலிக ஏற்பாடுதான்' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். செய்யத் தெரியாதவர்கள் இல்லை. பழைய பதிப்புகளையும் பராமரிக்கக் காசு செலவாகும். எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பது அவர்களுக்குச் சௌகரியம். ஒரு பி.காம்.காரனாக அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுடைய சௌகரியத்தை என் நல்லது என்று பெயர் மாற்றி விற்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மில்லைப் பற்றி இன்னொரு தகவல். இவ்வளவு அழகாக எழுதிய மனிதர் 35 வருஷம் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? லண்டனில், கிழக்கிந்தியக் கம்பெனியில். 1823-லிருந்து 1858 வரை. இந்தியாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய புத்தகத்தில் அந்தக் கொள்கைக்கு அடுத்தபடியாகவே ஒரு விதிவிலக்கு வருகிறது: இது பக்குவப்பட்டவர்களுக்கு மட்டும், குழந்தைகளுக்குப் பொருந்தாது, பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது. அவர்களை முன்னேற்றும் நோக்கம் இருந்தால் சர்வாதிகாரமே சரிதானாம். உதாரணத்துக்கு அக்பரைக் கூட இழுக்கிறார்.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 'நமக்குத் தெரியாது என்று இவர் எப்படி முடிவு செய்தார்? ஒரு வார்த்தை நம்மிடம் கேட்டாரா?' என்று மனதுக்குள் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் சுருக்கென்றது.

அம்மாவின் போனில் 'சரி'யை அழுத்தியது யார்?

கம்பெனி எனக்குச் செய்ததைத்தான் நான் அம்மாவுக்குச் செய்தேன். இன்னும் சொல்லப்போனால், கம்பெனி 'ஏற்றலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டது. நான் அதையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. நல்லெண்ணத்தில் சந்தேகமே இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த அந்த ஒரு அழுத்தலுக்கு, 16-ஆம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு அம்மா 11 ராத்திரி தூங்கவில்லை.

* * *

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். கும்பகோணம் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவரலாம் என்று நானும் அக்காவும் ஒரு வருஷமாகப் பேசி வைத்திருந்தோம். ஆள் கூடப் பார்த்தாகிவிட்டது. அம்மாவின் நல்லதுக்குத்தான். போன் விவகாரம் நடந்ததும் 'பார்த்தியா, தனியா இருந்தா இப்படித்தான்' என்று சொல்ல வசதியான காரணமும் கிடைத்திருந்தது.

விற்ற வீடு திரும்பி வராது. ரிச்சி தெருப் பையன் சொன்ன மாதிரி, மேலே ஏற்றலாம், கீழே இறக்க முடியாது. அம்மாவுக்குச் சென்னை பிடிக்காமல் போனால்? எட்டாவது மாடியில் எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தால்? 'பழகிடும்மா' என்போம். கம்பெனிகளும் அதையேதான் சொல்கின்றன. பழகத்தான் செய்யும். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பது அவர்களைக் கேட்காமல் மாற்றுவதற்கு ஒரு நியாயமா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். பிள்ளைக்கு குரூப் மாற்றுவது, அப்பாவைக் கடையை மூடச் சொல்வது, மனைவியை வேலையை விடச் சொல்வது. எல்லாம் நல்லதுக்குத்தான். நான் இப்போது என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. சம்பந்தப்பட்டவரைக் கேட்டேனா? சரிப்படவில்லை என்றால் அவர் பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்கிறதா? இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், முதல் கேள்வியைப் பத்து தடவை கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அம்மாவின் போன் பழைய பதிப்புக்குத் திரும்பவில்லை. எதிர்வீட்டுப் பெண் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திரையைப் படமாக வரைந்து, எதை எங்கே இழுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அம்மா நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எட்டரை மணி போன் மறுபடி வருகிறது.

கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது போன் மறுபடி கேட்டது. இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தேன். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தம்.

"பூட்டு ரிப்பேராம்மா. போடவா?"

"பூட்டுன்னா போடு. அடுப்பை நகர்த்தறதா இருந்தா சொல்லிட்டு நகர்த்து."

அந்தத் தைரியத்தில் வீட்டு விஷயத்தையும் எடுத்தேன். விற்க வேண்டாம், பூட்டி வைத்துவிட்டு இரண்டு மாதம் சென்னையில் இருந்து பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"உன்கிட்டதான்."

"அப்ப வரேன்."